மார்கழியில் ஃபேன் போடும் ஊர்

ஒரு ஊரில் பனி இருந்தது, இன்னொரு ஊரில் வெயில் இருந்தது, நான் பனி இருந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். பனியை விட்டுவிட்டு வெயிலுக்குப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன், பனி வேறு மாதிரி நினைத்தது.

எங்கள் வெள்ளக்கல், கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் திரும்புகிற கடைசி ஊர். மார்கழி பிறந்துவிட்டால் விடியும்போது உருளைச் செடி, கேரட் பாத்தி, ஜீப் கண்ணாடி, கொடியில் மறந்துவிட்ட துணி என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும், துணியை மடித்தால் அப்பளம் மாதிரி முறியும், ஒன்பது மணி வெயில் வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போகும், ஆனால் என்னை மட்டும் கரைக்காது. என் மகள் மிதுனாவுக்கு ஒரு வயசு முடிந்தபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போய்விட்டது, காய்ச்சலோடு வந்த அசதி மட்டும் போகாமல் தங்கிவிட்டது. அது தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. தூங்கி எழுந்தால் படுக்கப் போனபோது இருந்ததைவிடக் கூடுதலாக இருக்கிற அசதி. இன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் நாளைக்கும் மறுநாளும் பாயை விட்டு எழ முடியாது, குடம் தூக்கின கையைத் தலைக்கு மேலே உயர்த்த முடியாது, பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் பாதியில் வார்த்தை தீர்ந்து போகும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் என் உடம்பில் இருக்கிற ரத்தத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல், எல்லாம் நார்மல் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஒரு டாக்டரம்மா மட்டும் உட்கார வைத்து, "இது நாட்பட்ட சோர்வு நோய்மா, உனக்குக் குளிர் சேரல போல, முடிஞ்சா மார்கழி, தை ரெண்டு மாசமும் வெயில் இருக்கிற ஊராப் பார்த்து இரு" என்றார். பெயர் கிடைத்தது. மருந்து கிடைக்கவில்லை. பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் சொன்னேன், எல்லோரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கே."

என் நாத்தனார் கனகு மதினி இதைச் சொல்லும்போது கூடவே ஒரு பெருமூச்சும் விடுவாள், அந்தப் பெருமூச்சுக்கு, அப்படியென்றால் அடுப்படிக்கு வந்து நின்றால் என்ன என்று அர்த்தம். போன மார்கழியில் நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மிதுனாவின் தலைமுடியை அவள் ஆம்பளைப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிவிட்டாள். தலைசீவிச் சடை பின்ன இரண்டு கையையும் தூக்கியபடியே வைத்திருக்க வேண்டுமே, அது என்னால் முடியாது, வேறு யாரையும் மிதுனா சடை பின்ன விடமாட்டாள், ஆகவே கத்தரி. வெட்டின முடியைப் பிள்ளை பிளாஸ்டிக் பையில் போட்டு என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்து, "அம்மா, எழுந்ததும் இதைப் பின்னி விடு" என்றாள். அந்த வருசம் முழுக்க முடி வளர்ந்தது, காதைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது, தோளைத் தொட்டது. மறுபடி கார்த்திகை முடியப் போகிறது. கனகு மதினி கத்தரியைத் தேடி எடுத்துச் சாணை பிடிக்கக் கொடுத்திருந்தாள்.

அப்போதுதான் நான் வெயில் ஊர் தேட ஆரம்பித்தேன். மேப்பைப் பார்த்துத் தேடவில்லை, எனக்கு அதெல்லாம் தெரியாது; சந்தைக்கு வருகிற கேரட் லாரி டிரைவர்கள், ஸ்வெட்டர் விற்க வருகிறவர்கள், கருவாடு கொண்டுவருகிறவர்கள் என்று ஒருத்தரை விடாமல் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உங்க ஊர்ல மார்கழி மாசம் ஃபேன் போட்டுத் தூங்குவீங்களா?" திண்டுக்கல்காரர் இல்லை என்றார். மதுரைக்காரர் சில நாள் போடுவோம், சில நாள் போர்த்துவோம் என்றார், சில நாள் எனக்குப் பத்தாது. தூத்துக்குடிப் பக்கம் தருவைத்துறையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஜெனோவா அக்கா மட்டும்தான் நெத்திலியை அளந்துகொண்டே சிரித்தாள்.

"ஃபேனா? எட்டி, எங்க ஊர்ல கிறிஸ்துமஸ் பூசைக்கே கோயில்ல அத்தனை ஃபேனும் ஓடும். இல்லாட்டி சாமி பிரசங்கம் வைக்கும்போதே மயங்கி விழுந்திருவாரு. எங்க வீட்டுல பின்கட்டு சும்மாதான் கெடக்கு, வா."

என் வீட்டுக்காரர் கார்மேகம் கேரட் ஏற்றின பிக்கப்பிலேயே எங்களை ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். கீழே இறங்க இறங்க நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன், வத்தலக்குண்டில் சாக்ஸைக் கழற்றினேன், தூத்துக்குடி தாண்டினதும் மிதுனா சட்டையையும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாள் வெயில் இருந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் வைத்த நெய் மாதிரி என் கை, என் கால், என் கழுத்து ஒவ்வொன்றாக இளகியது. இரண்டாம் நாளும் வெயில் இருந்தது. ஜெனோவா அக்கா வீட்டு முற்றத்தில் மிதுனாவுக்கு அரப்புத் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன், ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன், உட்கார்ந்துவிட்டுத் துவட்டினேன், ஒரு பக்கம் சிக்கெடுத்தேன், கை வலித்தது, ஆனால் நின்றுவிடவில்லை. "நாளைக்குக் காலைல ரெட்டைச் சடை" என்றேன். பிள்ளை அன்றைக்கு முழுக்க ரெண்டு சிவப்பு ரிப்பனையும் கையில் சுற்றிக்கொண்டே அலைந்தாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது என்னால் போர்வையை விலக்க முடியவில்லை. எழுந்திருக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்கு நுனி சொன்னது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதன் மூன்று இறக்கையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. வெளியே ஜெனோவா அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பய எம் முத்தத்துல உப்பக் கொட்டுனது?"

பக்கத்திலேயே உப்பளம் இருக்கிற ஊர், அவர்களுக்கு வெள்ளையாக எதைக் கண்டாலும் உப்பு. சீமாறை எடுத்துக் கூட்டினாள், கூட்டினது ஈரமாக ஒட்டியது, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பில்ல" என்றாள். பிறகு என் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நான் கம்பளிக்குள் இருந்தேன். "உங்கூட வந்ததா?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றேன். "சொல்லியிருக்கலாம்லா, ரெண்டு ஆளுக்குத்தான் சோறு வடிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டங்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

அவ்வளவுதான் அந்த ஊர் ஆச்சரியப்பட்டது. என் வெள்ளக்கல் பனி, இத்தனை மலையும் இத்தனை வயலும் கடந்து, கொண்டைஊசி வளைவெல்லாம் திரும்பி, வழி விசாரித்து வந்த சொந்தக்காரர் மாதிரி வந்து, ஜெனோவா வீட்டின் ஓட்டிலிருந்து வாசல் வேப்பமரம் வரைக்கும் படுத்துக்கொண்டது, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஊரே வேர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் மலையிலாவது ஒன்பது மணிக்குக் கரையும், இங்கே மத்தியானம் ஆனாலும் கரையவில்லை, பயணக் களைப்போ என்னவோ. அதற்கு மட்டும் எவ்வளவு சொகுசு பாருங்கள், களைத்துப்போனால் படுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முதலில் வந்தவை மீன் சட்டிகள். கடல் இல்லாத உள் ஊர்களுக்கு மீன் தூக்கிப் போய் விற்கிற பெண்கள், ஐஸ் கம்பெனி பெர்க்மான்ஸிடம் ஐஸ் வாங்குவதை நிறுத்திவிட்டு, சாளையும் ஊளியும் பாறையும் நிறைந்த அலுமினியச் சட்டிகளை எங்கள் முற்றத்தில் வரிசையாக இறக்கினார்கள். பிறகு தயிர்ச் சட்டிகள் வந்தன. பிறகு வெயிலில் கருத்துப் போயிருந்த கிழவர்கள் வந்து கால் நீட்டி உட்கார்ந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து, வாடகைக்கு எடுத்த கோட்டு மாட்டிக்கொண்டு, வாயிலிருந்து புகை விட்டுப் போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள் பனியைச் சுரண்டி உருட்டி நன்னாரி சர்பத் ஊற்றித் தின்றார்கள். வருசா வருசம் கோயில் வாசலில் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி மாதிரி காட்டுகிற கிறிஸ்துமஸ் குடிலை, பங்குச் சாமியார் இந்த வருசம் எங்கள் வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொல்லிவிட்டார். நிஜப் பனி இருக்கும்போது பஞ்சு எதற்கு என்பது அவர் வாதம். ஆக, மாட்டுத்தொழுவமும், மூன்று ராஜாக்களும், ஒட்டகமும், வைக்கோலும், சீரியல் பல்பும் என் ஜன்னலுக்கு நேரே வந்து உட்கார்ந்தன, பல்பு ராத்திரி முழுக்கப் பச்சையும் சிவப்புமாக என் கண்ணில் அடித்தது.

நான் உள்ளே கம்பளிக்குள் கிடந்தேன். போன மார்கழி எப்படியோ அப்படியே இந்த மார்கழியும். வருகிறவர்கள் எல்லாம் என்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி சுறாப்புட்டு கொண்டுவந்தாள், இதைத் தின்னால் நாளைக்கே எழுந்து ஓடுவாய் என்றாள். ஒருத்தி நண்டு ரசம் கொண்டுவந்தாள். ஒருத்தி, விடியற்காலையில் எழுந்து கடற்கரையில் வேகமாக நடந்தால் எல்லாம் பறந்துபோய்விடும் என்றாள், அவளை மட்டும் நான் மறக்கமாட்டேன். எல்லோரும் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, குளிரில் சிவந்திருந்த கன்னம், ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்; வெள்ளக்கல்லில் சொன்னதையே, கடல் காற்றில் கொஞ்சம் உப்புப் போட்டு.

"பாத்தா நல்லாத்தான இருக்கா."

மிதுனாவின் தலை பறவைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. ஜெனோவா அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு போனாள், "நான் பின்னி விடுதேன், வாட்டி." பிள்ளை ஓடிப்போய்க் குடிலில் ஒட்டகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மாதான் பின்னும்" என்றாள். அம்மா கையை உயர்த்திப் பார்த்தாள். நெஞ்சு வரை வந்தது.

கார்மேகம் வீடியோ காலில் வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் உருளைக் காடு தெரிந்தது, பச்சைப்பசேல் என்று, ஒரு இலை கருகாமல். அவர் ஸ்வெட்டர் போடவில்லை.

"ஜோதி, உன்னால நம்ப முடியாது. இந்த வருசம் ஒரு பொட்டுப் பனி இல்ல. வெயில்னா வெயில். உருளை கருகவே இல்ல. ஊரே உன்னத்தான் பேசுது."

"நல்லவிதமாவா?"

"பின்ன? நீ போனதும்தான் பனியும் போச்சுன்னு மாரியம்மன் கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டாங்க."

"அப்ப நான் அங்கே வந்துடவா மிதுனாப்பா? அங்கதான் வெயில் இருக்கே."

டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன், டவர் இருந்தது, மனுசன்தான் இல்லை.

"நீ வந்தா அதுவும் வந்துரும்ல" என்றார். "தை கழிஞ்சு உருளை எடுத்துட்டா அப்புறம் வா. ஒண்ணும் பிரச்சினை இல்லையே? பார்த்தா முகம் நல்லாத்தானே இருக்கு."

போனுக்குள் ஒரு ஓரத்தில் கனகு மதினி தலை நீட்டினாள். "அந்தப் புள்ள தலையப் பாரு, காக்கா கூடு கட்டின மாதிரி. கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் அங்க வந்து வெட்டி விட்டுட்டுப் போறேன், அழாதே" என்றாள். யாரும் அழவில்லை. நான் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது, சிரிக்கத் தெம்பில்லாததால் மனசுக்குள்ளேயே சிரித்தேன்: மலையில் ஒரு ஊருக்கு நான் வராமல் இருக்க வேண்டும், கடற்கரையில் ஒரு ஊருக்கு நான் போகாமல் இருக்க வேண்டும், இரண்டு ஊரும் சேர்ந்து என்னைப் பனிக்குள் புதைத்து வைத்துவிட்டு நல்லாத்தானே இருக்கே என்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ஜெனோவா அக்கா பின்கட்டைக் காலி பண்ணச் சொன்னாள், தெருக்கோடியில் அவள் தங்கச்சி வீட்டில் போய் இருக்கச் சொன்னாள். கூப்பிடு தூரம்தான். சுவரைப் பிடித்துச் சுவரைப் பிடித்து நடந்து, நடுவில் உட்கார்ந்து எழுந்து போய்ச் சேர்ந்தேன், அந்த நடைக்கு எனக்கு மூன்று நாள் எழ முடியாமல் போயிற்று. ஆனால் அந்த மூன்று நாளில் முதல் இரண்டு நாள் அந்த வீட்டில் ஃபேன் போட்டார்கள். வெறும் ஃபேன், சுத்தமான ஃபேன், வெக்கையைக் கலக்கி என் மேல் ஊற்றுகிற ஃபேன். பனி பழைய வீட்டிலேயே கிடந்தது, அங்கே அடித்த வெள்ளையெல்லாம் காயாமல் வழிந்து அக்கா கத்திக்கொண்டிருந்தது தெருக்கோடி வரை கேட்டது. மூன்றாம் நாள் காலையில்தான் அது மெதுவாக மோப்பம் பிடித்து வந்து என் கால்மாட்டில் ஏறிக்கொண்டது. மலையிலிருந்து வரவும் அதற்கு இரண்டு ராத்திரிதான் ஆனது, தெருக்கோடிக்கு வரவும் இரண்டு ராத்திரி. என் பனிக்கு என்னைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி வேண்டும்.

எவ்வளவு எளிது பாருங்கள். இரண்டு ராத்திரிக்கு ஒரு வீடு மாறிக்கொண்டே இருந்தால் மார்கழியும் தையும் எனக்கு வெயில்தான். ஆனால் வீடு மாற நடக்க வேண்டும், நடந்தால் படுத்துவிடுவேன், படுத்தால் வந்துவிடும். வழி தெரிந்துவிட்டது, வழியில் நடக்கத்தான் கால் இல்லை. தெரியாமலே இருந்திருந்தால்கூட இத்தனை எரிச்சல் வந்திருக்காது. யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்; பழைய இடத்துக்கே, மீன் சட்டிகளுக்கு நடுவே, திரும்பி வந்தேன்.

தருவைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் இல்லாத எது ஊருக்குள் வந்தாலும், கடல் ஒதுக்கின மரமானாலும் சரி, கல்லறைத் தோட்டத்துப் புளியங்காயானாலும் சரி, அது ஊர்ப்பொது; கோயில் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் மைக்கில் ஊர்க்கமிட்டித் தலைவர் சிலுவைமுத்து அறிவித்தார்: "ஜெனோவா வீட்டுப் பின்கட்டில் படிந்துள்ள பனி ஊர்ப்பொதுவாகக் கருதப்பட்டு, தை மாசக் கடைசி வரை ஏலம் விடப்படும்." ஐஸ் விற்காமல் நொந்துபோயிருந்த பெர்க்மான்ஸ் முதல் ஆளாக வந்து நின்றார், பனியையும் தானே எடுத்துவிட்டால் வியாபாரம் பழையபடி தன் கைக்கு வந்துவிடும் என்று கணக்கு. மீன்காரப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள். என்னை ஜெனோவா அக்கா தாங்கிக் கூட்டிவந்து கோயில் படியில் உட்கார வைத்திருந்தாள். விலைபோகிறவள் நான் என்பது பாதி நேரம் யாருக்கும் ஞாபகமில்லை.

ஏலக் கேள்வி ஏறியது, ஏறியது, கடைசியில் பெர்க்மான்ஸ் பக்கம் நின்றது. சிலுவைமுத்து வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து மூன்று தடவை கேட்டார்: "யாருக்கும் ஆட்சேபணை உண்டா?" அந்த ஊரில் ஒருத்தரும் இதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லையாம், அது சும்மா ஒரு முறைக்குக் கேட்பது. மூன்றாம் தடவை கேட்டபோது நான் சொன்னேன்.

"உண்டு."

கூட்டம் திரும்பியது. எழுந்து நின்று பேசுகிற தெம்பு இல்லை, உட்கார்ந்தபடியே பேசினேன்.

"பனி ஊர்ப்பொதுதான், எடுத்துக்கங்க. நான் ஊர்ப்பொது இல்ல. நாளைக்கு எம் மகளக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிருவேன். மூணாம் நாள் நான் எங்க இருக்கனோ பனியும் அங்க இருக்கும்."

"போகட்டும்யா, நல்லதாப் போச்சு" என்றார் பெர்க்மான்ஸ், ஏலம் எடுத்ததை மறந்து.

மீன்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஜெனோவா அக்கா சத்தம்தான் மேலே வந்தது: "எல்லாரும் சும்மா இருங்கட்டி. ஜோதி, உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."

"எனக்கு வெயில் வேணும்க்கா. அதுக்குத்தான வந்தேன்." இரண்டு ராத்திரி விசயத்தை அப்போதுதான் சொன்னேன். "ரெண்டு ராத்திரிக்கு ஒருதரம் என்னை வேற வீட்டுல கொண்டுபோய் வைங்க. நான் விட்டுட்டு வந்த வீட்டுல பனி கெடக்கும், அதுல மீனை வைங்க, தயிர வைங்க, குடிலை வைங்க, எனக்கென்ன. நான் ஒரு வீடு முன்னாடி போய்க்கிட்டே இருப்பேன், அது ஒரு வீடு பின்னாடி வந்துக்கிட்டே இருக்கட்டும். ஆனா நான் நடக்க மாட்டேன். தூக்கிட்டுப் போகணும்."

சிலுவைமுத்து தாடையைத் தடவினார். "வீடு மாத்துறது சரி, செஞ்சிரலாம். தூக்குறது எதுக்கும்மா? இந்தா, நடந்துதான வந்திருக்க. பாத்தா நல்லாத்..."

"சொல்லாதீங்க!" என்றேன்.

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. கோயில் புறாவெல்லாம் பறந்தன. "மலையில இருந்து பனி என் பின்னாடியே வந்துச்சுன்னேன், ஒருத்தராவது அது எப்படின்னு கேட்டீங்களா? சட்டியத் தூக்கிட்டு வந்துட்டீங்க. ஃபேன்ல பனி படிஞ்சிருக்கு, நம்புறீங்க. ஓட்டுமேல பனி, நம்புறீங்க. வாய்ல போட்டு சர்பத் ஊத்தித் தின்னுறீங்க. எனக்கு அசதியா இருக்கு, கை தூக்க முடியலன்னு மட்டும் சொன்னா மேலயும் கீழயும் பாக்குறீங்க. நடமாடுற உங்களுக்கு ஒரு நாள்கூட அசதியே வந்ததில்லையா?"

அவ்வளவு பேசினதுக்கு என் தலை சுற்றியது, தூணில் சாய்ந்துகொண்டேன். பெர்க்மான்ஸ்தான் தொண்டையைக் கனைத்தார். "இவ்வளவுதானே" என்றார், "இந்தப் பிள்ளை நாப்பது கிலோ இருக்குமா? ஒத்தக் கையில தூக்கிட்டுப் போறேன். பனி என் ஏலத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

"தூக்குத ஆளுக்குத்தான் பனி" என்றார் சிலுவைமுத்து. ஏலம் அப்படி முடிந்தது.

கோயில் ஸ்டோரிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்தார்கள். திருவிழாவில் மாதா சப்பரம் தூக்குகிற இரண்டு கம்புகளை எடுத்து அதன் இரண்டு பக்கமும் வைத்து வலைக்கயிற்றால் கட்டினார்கள். என்னை உட்கார வைத்தார்கள், மடியில் மிதுனா உட்காரப் போனாள், வேண்டாம் என்று இறக்கிவிட்டேன். பெர்க்மான்ஸ் முன்னால் ஒரு பக்கம், படகு இழுக்கிற மூன்று பேர் மற்ற மூன்று பக்கம். சிலுவைமுத்து, "ஏலேலோ" என்று படகு இழுக்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தூக்கினார்கள்.

சேர் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

சிரித்தார்கள். கயிறு எதிலோ மாட்டியிருக்கும் என்று குனிந்து பார்த்தார்கள், மாட்டவில்லை. மறுபடி தூக்கினார்கள், ஒரு சாண் எழுந்தது, கம்பு வளைந்தது, பின்பக்கம் நின்றவரின் கழுத்து நரம்பு புடைத்தது, இறக்கிவிட்டார்கள். இன்னும் நாலு பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து தூக்கினார்கள், மணலில் கால் கணுக்கால் வரை புதைய, முகம் கருத்து, மூச்சு இரைந்து, ஒரு வீடு தாண்டினார்கள், இறக்கி வைத்தார்கள், ஒரு வீடு தாண்டினார்கள், இறக்கி வைத்தார்கள், ஊரே பின்னால் வந்தது. முக்கால் தெருவில் பெர்க்மான்ஸ் கம்பை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை... தூக்க வரமாட்டேங்கு" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். "அப்படித்தான் இருக்கும்."

ஜெனோவா அக்கா முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொடவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "எட்டி, இதையா இத்தன நாளும் நீ ஒத்தையாத் தூக்கிட்டு நடந்த?" என்றாள்.

வேர்த்திருந்த எட்டுப் பேருக்கும் யாரோ ஓடிப்போய் எங்கள் முற்றத்துப் பனியில் வைத்திருந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து இரண்டு ராத்திரிக்கு ஒரு வீடு. தூக்குகிற முறை ஊரில் வரிசை வைத்து வந்தது, இன்றைக்கு இந்தத் தெரு, அடுத்த தடவை அந்தத் தெரு. தூக்கிவிட்டு வந்தவர்கள் மறுநாள் கடலுக்குப் போகாமல் படுத்துக் கிடந்தார்கள், அவர்கள் வீட்டில் யாரும் அவர்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மீன் சட்டிகளும் தயிர்ச் சட்டிகளும் குடிலும் மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் ஒரு வீடு பின்னால் பனியோடு வந்துகொண்டிருந்தன. நான் குணமாகிவிட்டேன் என்று யாராவது நினைத்தால், இல்லை. வெயில் என்னைக் குணப்படுத்தவில்லை, வெயில் என்னை உட்கார வைத்தது, அவ்வளவுதான். கனம் அப்படியேதான் இருந்தது. நடுவில் ஒரு வீட்டில், புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், விசயம் தெரியாமல், "அக்கா, பாத்தா நல்லாத்தான இருக்கீங்க" என்று ஆரம்பித்தாள், அவள் மாமியார் அவள் தொடையில் கிள்ளினது எனக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலையில், தலைக்கு மேல் ஃபேன் ஓட, ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்திருக்க, மிதுனாவை அந்த வெயிலில் உட்கார வைத்தேன். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டேன். சிக்கெடுத்தேன். நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். வகிடு பிரித்தேன். வலது பக்க முடியை மூன்று புரியாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"அப்பா" என்றாள் மிதுனா.

"அடிக்கட்டும். கை காலியில்ல."

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. ஒரு சடை முடிந்தது, ரிப்பன் வைத்து மடித்துப் பூ மாதிரி கட்டினேன், கட்டி முடித்ததும் என் இரண்டு கையும் இரண்டு பக்கமும் விழுந்துவிட்டன, இனி அன்றைக்கு எழாது என்று எனக்குத் தெரியும். இடது பக்க முடி சீவினபடியே தோளில் விரிந்து கிடந்தது. மிதுனா தலையை ஆட்டிப் பார்த்தாள், ஒரு பக்கம் சடை ஆடியது, ஒரு பக்கம் முடி பறந்தது. நான் ஏதாவது சொல்வதற்குள் அவளே இன்னொரு ரிப்பனை எடுத்து மடித்து என் தலையணைக்கடியில் பத்திரமாக வைத்தாள்.

மூன்றாம் தடவை போன் அடித்தபோது அவளே எடுத்தாள். கார்மேகம் இருந்தார், அவர் தோளுக்குப் பின்னால் கனகு மதினி, பஸ் ஏறுவதற்குப் பையெல்லாம் கட்டித் தயாராக.

"என்னடி இது கோலம்" என்றாள் கனகு மதினி. "ஒத்தச் சடையோட நிக்கிறே? இன்னொரு பக்கம் எங்கே?"

"அது நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, போனை என் மடியில் போட்டுவிட்டு, மிதுனா வெயிலுக்குள் ஓடினாள்.